மூன்று தரம் கூப்பிட்டார்கள்

அக்கா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கிடுங்க, பிள்ளையை மடியில வச்சுக்கிடுறேன். இந்தப் பையை உங்க காலுக்கடியில வைக்கட்டுமா? மிதிச்சாலும் பரவாயில்லை, உடையிற சாமான் ஒண்ணும் இல்லை. தண்ணி பாட்டில், முறுக்குப் பொட்டலம், ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிறைப் பாத்துப் பயந்துட்டீங்களா? முடிச்சுப் போட்டிருக்கு பாருங்க, அளவுக் கயிறு. அதைப் பிறகு சொல்றேன்.

கோர்ட்டுக்குப் போறேன். அட, எதுக்கு இப்படி நகர்றீங்க? நான் யாரையும் வெட்டலை, குத்தலை. எங்க மாமனார் கேஸு. சந்துத் தகராறு. நான் பிறந்து வளர்ந்து, பத்தாவது படிச்சு, கல்யாணமாகி இந்த வேலிக்குளத்துக்கு வந்தப்ப எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க. மாமனார் இருந்தார், ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது, ஒரு அப்பீல் இருந்தது. ஆட்டுக்குட்டி பெருசாகி வித்தும் போயாச்சு. அப்பீல் மட்டும் அப்படியே இருக்கு.

அப்பீல்னா உங்களுக்குத் தெரியும்தானே? கீழ்க்கோர்ட்டுல தோத்தவங்க மேல்கோர்ட்டுக்குப் போயி, அந்த ஜட்ஜுக்குச் சரியாத் தெரியலை, நீங்க பாருங்கன்னு சொல்றது. தோத்தது பெரிய மாமா. எங்க மாமனாருக்குப் பெரியப்பா மகன், பங்காளி. அடுத்த வீடுதான். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அதுல ஒரு மாடு போகலாம், ஒரு மனுஷன் போகலாம், ரெண்டும் சேர்ந்து போக முடியாது. அவ்வளவுதான் அகலம். பெரிய மாமாவோட மாடு அது வழியாத்தான் தொழுவுக்குப் போகும். 'பொதுச் சந்து'ன்னு அவர் சொல்றார், 'என் சந்து'ன்னு எங்க மாமனார் சொல்றார். கீழ்க்கோர்ட்டுல, சந்து எங்க மாமனாருக்கேன்னு தீர்ப்பு. பெரிய மாமா உடனே அப்பீல் போட்டு ஸ்டேயும் வாங்கிட்டார். அப்பீல் முடியிற வரைக்கும் சந்துல ஒரு செங்கல் வைக்கக்கூடாது.

அந்த ஒரு செங்கல்தான் அக்கா எனக்கு வேணும். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல கக்கூஸ் இருந்தது. பூட்டித்தான் கிடக்கும், சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட இருக்கும். ஆனாலும் இருந்தது. இங்க அதுவும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால தொழுவும் கிணறும், முன்னால தெரு. கக்கூஸ் கட்டுறதுன்னா அந்தச் சந்தை விட்டா இடமே இல்லை. அரசாங்கத்துல கட்டிக்கொடுக்கிற திட்டத்துல எங்க பேரும் வந்தது, இடத்துக்கு ஸ்டே இருக்குன்னு சொல்லித் திரும்பிப் போயிட்டாங்க.

அதனால ஓடைக்கரைதான். முன்னே அங்க உடைமுள்ளுக் காடு அடர்த்தியா இருந்ததாம், பொம்பளைகளுக்கு ஒரு மறைவு இருந்ததாம். நான் வந்த நேரத்துக்கு நாலுவழிச் சாலையைப் போட்டு, கண்ணு கூசுற மாதிரி விளக்கையும் போட்டுட்டாங்க. லாரி வெளிச்சம் வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். போனா உட்காரணும். பள்ளிக்கூடத்துல கொடியேத்துறப்பக்கூட நான் இத்தனை தடவை எந்திரிச்சு நின்னதில்லை. இவ வயித்துல இருக்கும்போது ஏழு மாசம் வரைக்கும் இந்த டிரில்லுதான். "அதனாலதாம்ட்டி உனக்குப் பிரசவம் லேசாப் போச்சு"ன்னு பெரியத்தை சொல்வாங்க. பெரியத்தைன்னா பெரிய மாமா வீட்டுக்காரி, ஆவுடையம்மாள். எதிர்க்கட்சி. ஆனா ஓடைக்கரைக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். தனியா எப்படிப் போறது?

மாமனார்ங்க ரெண்டு பேரும் மட்டும் என்னவாம்? வாய்தா அன்னைக்கு ஒரே பஸ்ஸு, ஒரே சீட்டு. ஒரு தடவை டிக்கெட் இவர் எடுப்பார், அடுத்த தடவை அவர். கோர்ட்டு வாசல் வந்ததும் ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஆளுக்கொரு வேப்பமரத்தடியில போய் நிப்பாங்க. எங்க மாமனாருக்கு வக்கீல் உண்டு. பெரிய மாமாவுக்கும் இருந்தார், அவருக்கு அரசாங்க வக்கீல் உத்தியோகம் கிடைச்சுக் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துட்டார். வேற ஆளை வைங்கன்னா, "எங்க அம்மை சாணி தெளிச்ச சந்தைப் பத்தி எனக்குத் தெரியாததையா இன்னொருத்தன் வந்து பேசப் போறான்?"னு சொல்லிட்டுத் தானே நிப்பார். பேரைக் கூப்பிட்டா, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, "இருக்கேன் ஐயா." அவ்வளவுதான் அவரோட வாதம். ஜட்ஜு அடுத்த தேதி சொல்வார். திரும்பி வந்துருவாங்க.

இப்படியே போய்க்கிட்டிருந்தப்பதான் அம்பாசமுத்திரத்துல ஒரு துட்டி. சின்னப்பாட்டையா தவறிட்டார். ரெண்டு வீட்டுக்கும் அவர் ஒரே வகையறா, அதனால ரெண்டு வீட்டுக்கும் தீட்டு. எங்க வகையறாவுல ஒரு கட்டு இருக்கு அக்கா. துட்டி விழுந்தா பதினாறு கழியிற வரைக்கும் பங்காளிக்குப் பங்காளி எதுத்து நிக்கக்கூடாது. வம்பு, வழக்கு, வாக்குவாதம் எல்லாத்தையும் அப்படியே நிறுத்திரணும். செத்தவர் இன்னும் வீட்டைச் சுத்திக்கிட்டு இருப்பாராம், அவர் காதுல சண்டைச் சத்தம் விழக்கூடாதாம். ஆனா கோர்ட்டுக்குத் தீட்டு ஏது? வாய்தா அந்தப் பதினாறுக்குள்ளேயே வந்துட்டுது.

நான் பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்கேன், ரெண்டு பேரும் சவரம் பண்ணாத முகத்தோட வந்து நிக்கிறாங்க.

"ஏ தாயி, நாங்க போகக்கூடாது. நீ போயி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தேதி வாங்கிட்டு வந்துரு"ன்னு மாமா சொன்னார்.

"எனக்கும் தீட்டுதானே மாமா?"

"நீ எதுத்தா நிக்கப் போற? தேதிதானே வாங்கப் போற."

"வக்கீல் சாருக்குப் போன் போட்டுச் சொன்னா என்ன?"

பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துட்டுது. "அவன் எதிர்க்கட்சி வக்கீலு. அவங்கிட்டப் போயி எனக்குத் தேதி வாங்கித் தாங்கன்னு கெஞ்சவா? நம்ம வீட்டு ஆளு நிக்கணும். நீ போ. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். நீ எந்திரிச்சு, 'துட்டி ஐயா, பதினாறு கழியலை'ன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"சத்தமா."

சத்தமாச் சொன்னேன். தெருவுல போன மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "யாரு ஆத்தா போயிட்டா?"ன்னு கேட்டார்.

"போதும். ஜட்ஜுக்குக் கேக்கும்"னார் பெரிய மாமா.

போனேன். இவ அப்போ கைக்குழந்தை, பல்லு முளைக்கிற பருவம். எதைக் கண்டாலும் கடிப்பா. வக்கீல் சாரைக் கண்டுபிடிச்சு, மாமாவுக்குத் துட்டின்னு சொன்னேன். அவர் போன்ல பேசிக்கிட்டே, "சரிம்மா, உள்ள போய்ப் பேசாம உக்காரு, நான் பாத்துக்கிடுறேன்"னார். பெரிய மாமாவுக்கும் அதே துட்டிதான்னு அடுத்துச் சொல்ல வந்தேன், அதுக்குள்ள அவர் படியேறிட்டார். பேசாம உக்காருன்னு சொன்ன பிறகு நாம என்ன பேசுறது? அவர் படிச்சவர்.

உள்ளே ஃபேன் நல்லா இருந்தது அக்கா. கோர்ட்டுல அதுதான் எனக்குப் பிடிச்சது. கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். டவாலி வாசல்ல நின்னு கூப்பிடுறார். பெரிய மாமா பேரை நான் சொல்லக்கூடாது, அவர் கூப்பிட்டதைத்தான் சொல்றேன்: "சங்கிலிபூதத்தான்!"

சாமி பேரு இல்லையா, கோர்ட்டே திரும்பிப் பாத்தது. நான் எந்திரிக்கலாம்னு சேலையைச் சரி பண்ணினேன்.

"சங்கிலிபூதத்தான்!"

இவ முழிச்சுக்கிட்டா.

"சங்கிலிபூதத்தான்!"

அந்த நேரம் பாத்து இவ என் வாய்க்குள்ள கையை விட்டுட்டா அக்கா. முழுக் கையையும். நான் எப்படிப் பேசுறது? பேசினா பிள்ளை கை பல்லுல படும். ஜட்ஜு கண்ணாடியை இறக்கிக்கிட்டு, "அப்பீல் போட்டவர் தரப்புல யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டார். சுத்திப் பாத்தார். எனக்கு நேராத்தான் பாத்தார். வக்கீல் சார் எந்திரிச்சு, "யாரும் வரலை ஐயா"ன்னு சொன்னார். ஜட்ஜு ஏதோ எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. இவளும் கையை எடுத்துட்டா. நான் என்ன செய்ய?

வெளியே வந்து வக்கீல் சார் சிரிக்கிறார். "உங்க மாமனாருக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போம்மா. அப்பீல் தள்ளுபடி."

"தேதி என்னைக்கு சார்?"

"இனிமே தேதியே கிடையாதும்மா. ஆள் வரலைன்னு தள்ளிட்டாங்க. கேஸ் முடிஞ்சுபோச்சு."

"அப்போ ஸ்டே?"

"அதுவும் கூடவே போச்சு."

நான் கேக்கணும்னு கேக்கலை அக்கா, வாய்ல வந்துட்டுது.

பஸ்ஸை விட்டு இறங்குறேன், ஸ்டாப்புல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க. துட்டி வீட்டுக்காரங்க டீக்கடைக்குப் போகக்கூடாதுன்னு வெளியே புளியமரத்தடியில உட்கார்ந்து டீயை அங்க வரவழைச்சுக் குடிக்கிறாங்க.

"எந்தத் தேதி போட்டிருக்கான்?"னு பெரிய மாமா கேட்டார்.

"தேதி போடலை மாமா."

"தேதி போடாம எப்படி விடுவான்? பெறகு என்னதான் போட்டான்?"

"தள்ளுபடி போட்டாங்க."

ரெண்டு பேரும் டீயைக் கீழே வச்சுட்டாங்க. பெரிய மாமா சத்தம் போடுவார்னு பாத்தேன், போடலை. எங்க மாமனாரைப் பாத்து, "துட்டிக்குள்ள ஜெயிச்சுட்ட தம்பி"ன்னார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

ராத்திரி மாமா சாப்பிடலை. ஜெயிச்ச மனுஷன் சாப்பிடாம இருந்து நீங்க பாத்திருக்கீங்களா? என்னைத் திட்டவும் இல்லை. மெதுவாத்தான் கேட்டார்.

"நீ உள்ளதான் இருந்தியா தாயி?"

"இருந்தேன் மாமா."

"கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

"பெறகு?"

"பிள்ளை வாய்க்குள்ள கையை விட்டுட்டா."

அவர் இவளைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இவ கையை விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். "இத்துனூண்டு கையி"ன்னார். பேத்தி மேல அவருக்கு அவ்வளவு பாசம் அக்கா.

மறுநாள் பொழுது சாயிற நேரம். பெரியத்தை வந்து ஓடைக்கரைக்குக் கூப்பிடுவாங்க இல்லையா, அந்த நேரம். வந்தாங்க. கூப்பிடலை. சந்து முனையில நின்னு உள்ளே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஸ்டேயும் போயிட்டாம்லட்டி?"

"போயிட்டாம் பெரியத்தை."

சொம்பைக் கீழே வச்சாங்க. பிறகு சொன்னாங்க, "சுப்பையா கொத்தனார் இந்த வாரம் சும்மாத்தான் கிடக்கானாம். ஆம்பளைங்க ரெண்டு பேரும் பதினாறுக்கு அம்பாசமுத்திரம் போனா, அங்க ரெண்டு மூணு நாள் தங்குவாகளாம்." சொல்லிட்டுச் சொம்பை எடுத்துக்கிட்டு நடந்துட்டாங்க. எதுக்குச் சொன்னாங்கன்னு நான் கேக்கலை. வயசானவங்க எதாவது சொல்லிக்கிட்டுத்தானே இருப்பாங்க.

திருப்பூருக்குப் போன் போட்டேன். அவுக அங்க பனியன் கம்பெனியில இருக்காக. "அப்பாகிட்டக் கேட்டியா?"ன்னாக. "கேஸ் அவருக்கு ஜெயிச்சுட்டுது, ஜெயிச்சவர்கிட்ட என்னத்தைக் கேக்க?"ன்னேன். சுப்பையா கொத்தனார் வந்தார். குழி தோண்டி உறை இறக்கினார், சுவர் எழுப்பினார், பீங்கான் வச்சார், மேல சிமிண்டு ஷீட்டும் போட்டுட்டார். ஒரு கதவு மட்டும்தான் பாக்கி. ஆசாரி நாளைக்கு வாரேன்னார்.

அந்த நாளைக்குத்தான் அக்கா வினை. அம்பாசமுத்திரத்துல இருந்து ரெண்டு பேரும் வந்து இறங்கினாங்க. மொட்டை போட்ட தலையோட சந்து வாசல்ல வந்து நின்னாங்க. பெரிய மாமா மாட்டைக் கையில பிடிச்சிருக்கார். மாடு சுவரை மோந்து பாத்துட்டு அவரைப் பாத்தது. எங்க மாமனார் யாரையும் பாக்கலை. "அண்ணாச்சி, நாளைக்கு முத பஸ்"னார்.

எதுக்கு முத பஸ்ஸுன்னு நினைக்கிறீங்க? தள்ளுபடியான அப்பீலை மறுபடி எடுக்கணும்னு பெரிய மாமா மனு போடுறதுக்கு. கூட இவரும் போறார்! உலகத்துல எங்கேயாவது உண்டா? வக்கீல் சார் எனக்குப் போன் போட்டுக் கத்துறார், "உங்க மாமனாருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு. இவர் கூண்டுல ஏறி, "ஐயா, அவர் வராததுக்குக் காரணம் எங்க துட்டி. எனக்கும் அவருக்கும் ஒரே துட்டி. அப்பீலை எடுத்துக்கிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு சொல்லிட்டார். பெரிய மாமாதான் வந்து நடிச்சுக் காட்டினார். ஜட்ஜு பேனாவைக் கீழே வச்சுட்டு, "எதிர்க்கட்சிக்காரரே வந்து அப்பீலை எடுங்கன்னு சொல்றதை நான் இப்பத்தான் பாக்கிறேன்"னு சிரிச்சாராம். எடுத்துட்டார். சந்துல கட்டடம் எழும்பிட்டுதேன்னு பெரிய மாமா கேட்டதுக்கு, அதை இடிக்கவும் வேண்டாம், மேற்கொண்டு கட்டவும் வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்னு உத்தரவு.

இருக்கிறபடியேன்னா என்ன அர்த்தம்னு சொல்லுங்க. சுவர் இருக்கு, அது இருக்கட்டும். ஷீட் இருக்கு, அதுவும் இருக்கட்டும். கதவு இல்லை. அதுவும் இல்லாதபடியே இருக்கட்டும்! நான் ஆசாரியைக் கூப்பிடப் போனேன், மாமா தடுத்துட்டார். "ஒரு ஆணி அடிச்சாலும் கோர்ட்டு அவமதிப்பு தாயி."

என் மறுவீட்டுச் சேலையைக் கிழிச்சுத் தொங்கவிட்டேன். ஆடி மாசம் எங்க ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியாது. சேலை கொடி மாதிரி பறக்கும். அதனால ஒருத்தி உள்ளே இருந்தா ஒருத்தி வெளியே நின்னு சேலையைப் பிடிச்சுக்கிடணும். நான் உள்ளேன்னா பெரியத்தை வெளியே. பெரியத்தை உள்ளேன்னா நான் வெளியே. ஆமா அக்கா, எதிர்க்கட்சிதான். பெரிய மாமா இல்லாத நேரம் பாத்து வருவாங்க. அப்பத்தான் எங்களுக்கு நிம்மதியாப் பேச முடியும். "கதவு இருந்தா நாம இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்ட்டி"ன்னு சேலைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வாங்க.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் அதுல கால் வைக்கிறது இல்லை. "அப்பீல் நிலுவையில இருக்கிற கக்கூஸு"ன்னு மாமா சொல்லிட்டார். விடியக்காலம் ரெண்டு பேரும் சொம்போட ஓடைக்கரைக்குப் போறாங்க. போற வழியெல்லாம் கேஸைப் பத்தியே பேச்சு. லாரி வந்தா அவங்க எந்திரிக்கிறது இல்லையாம், ஆம்பளைங்கதானே.

மாடு என்னாச்சுன்னு கேக்கலையே நீங்க? மாடு இப்போ பெரிய மாமா வீட்டு முன்வாசல் வழியா ஏறி, டிவிக்கு முன்னாடி நடந்து, அடுப்படியைத் தாண்டித் தொழுவுக்குப் போகுது. வைக்கோல் கட்டையும் அவர் தலையில வச்சுக் குனிஞ்சு குனிஞ்சு வீட்டுக்குள்ளேயேதான் கொண்டு போறார். நிலையில ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டார். ஊர்ல எல்லாரும் ஐயோ பாவம்கிறாங்க. எனக்கு அப்படித் தெரியலை. ஜனங்க புது வீடு கட்டினா மாட்டை உள்ளே கூட்டிட்டு வர எவ்வளவு பாடுபடுறாங்க? பெரிய மாமாவுக்குத் தினமும் ரெண்டு வேளை கிரகப்பிரவேசம்.

இன்னைக்கு வாய்தா. இன்னைக்கும் ரெண்டு பேரும் வர முடியலை. துட்டி இல்லை அக்கா, கண்ணு. இலவசக் கண் முகாமுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போயி, சேர்ந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து, எங்க வீட்டு முன்னறையில ஆளுக்கொரு கண்ணுல பச்சைத் துணியோட படுத்திருக்காங்க. தூசி படக்கூடாது, பஸ்ஸுல போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தேதி தள்ளிப்போட ஒரு ஆளு நிக்கணும். வேற ஆளு யாரு இருக்கா? அவுக திருப்பூர்ல. பெரிய மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. மறுபடி நான்தான்.

ஆனா பாருங்க, இந்தத் தடவை என்னை மட்டும் அனுப்பலை. இவளுக்கு இப்போ நல்லாப் பேச்சு வந்துட்டுது. ஒரு வாரமா ரெண்டு பேரும் படுக்கையில கிடந்துக்கிட்டே இவளுக்குப் பாடம். எங்க மாமனார் டவாலி மாதிரி, "சங்கிலிபூதத்தான்!"னு கூப்பிடுவார். இவ ஓடி வந்து நின்னு, "இருக்காரு ஐயா!"ங்கணும். சொன்னா ஒரு கடலைமிட்டாய். இப்போ யார் எதைக் கூப்பிட்டாலும் இவ அதைத்தான் சொல்றா. நேத்து கோலமாவுக்காரர் "கோலமாவேய்"னு கூப்பிடுறார், இவ வாசல்ல நின்னு "இருக்காரு ஐயா!" இந்தச் சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பாடம்னு எனக்குப் புரியலை. நான்தான் கூட வாரேனே.

கிளம்பும்போது பெரிய மாமா எந்திரிச்சு உட்கார்ந்தார். ஒரு கண்ணு கட்டு, இன்னொரு கண்ணுல தண்ணி வடியுது, மருந்து விட்டிருக்காங்கல்ல, அது. "ஏ இசக்கி, நான் ஜெயிக்கணும்னு சொல்லலை தாயி. அந்தச் சந்தை வேணா நீயே வச்சுக்கோ. ஆனா கூப்பிடும்போது ஆளு இல்லைன்னு மட்டும் ஆகிறக்கூடாது. ஒரு மனுஷன் பேரை மூணு தரம் கூப்பிட்டு, இல்லைன்னு எழுதிட்டுப் போறது... நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க மாமா. நல்லா இருக்கீங்க"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? வயசானா இப்படித்தான் எதையாவது போட்டு உழப்பிக்கிடுவாங்க.

எங்க மாமனார் இவளைக் கிட்டக் கூப்பிட்டார். இவ உள்ளங்கையில ஒரு முத்தம் கொடுத்தார்.

முத பஸ்ஸுக்கே வந்துருப்பேன். பெரியத்தை ஸ்டாப்பு வரைக்கும் வந்தாங்க. "அதுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாத் தொங்கும், பச்சப்பிள்ளையை நசுக்கிரும், அடுத்ததுல நிதானமாப் போட்டி"ன்னாங்க. பெரியவங்க பேச்சைத் தட்டலாமா? இவளுக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்தது அவங்கதான். அவங்க சுட்ட முறுக்கு. "வாய் ஓயாம எதாவது தின்னுக்கிட்டே இருக்கட்டும், அழமாட்டா"ன்னாங்க. அந்தக் கயிறையும் அவங்கதான் கொடுத்தாங்க. கேட்டீங்களே, இதான் கதை. இந்த முடிச்சுல இருந்து இந்த முடிச்சு வரைக்கும் உயரம், இதுல இருந்து இது அகலம். ராவோட ராவா அவங்களே அளந்து முடிச்சுப் போட்டிருக்காங்க. டவுன்ல பிளாஸ்டிக் கதவு வந்திருக்காம், தண்ணி பட்டாலும் உப்பாதாம். மாட்டப் போறது இல்லை அக்கா, வாங்கி வைக்கத்தான். இருக்கிறபடியே இருக்கட்டும்னுதான் ஜட்ஜு சொன்னார், கதவு வாங்கி வீட்டுல சாத்தி வைக்கக்கூடாதுன்னா சொன்னார்?

கோர்ட்டு ஸ்டாப்பை அடுத்து உள்ள ஸ்டாப்புலதான் அந்தக் கடையாம். முதல்ல கோர்ட்டு, பிறகு கதவு. அதுதான் முறை. ஆனா கதவைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வர முடியாதுல்ல, லோடு ஆட்டோ பிடிக்கணும். ஆட்டோ மத்தியானம் ஆனா கிடைக்காதாம். பெரியத்தை சொன்னாங்க. அதையும் யோசிக்கணும். பாப்போம். கோர்ட்டுல என்ன, பத்தரைக்குக் கூப்பிடுறேன்னு பன்னெண்டுக்குத்தான் கூப்பிடுவாங்க. சில நாள் பத்தரைக்கே கூப்பிட்டுருவாங்களாம். அது நம்ம கையில இல்லை. வக்கீல் சார் அங்கதான் இருப்பார், அவர் நேரத்துக்கு வந்துருவார், எந்திரிச்சு நின்னு சொல்றதுக்கு.

நீங்க எங்க அக்கா இறங்கணும்? பஸ் ஸ்டாண்டா? நல்லது, கடைசி வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. இந்தாங்க, முறுக்கு எடுத்துக்கிடுங்க. பெரியத்தை எள்ளு போட்டுச் சுடுவாங்க. தர்ஷி, அந்த ஆன்ட்டிக்கு ஒண்ணு கொடு. எச்சி பண்ணாம கொடு.

கண்டக்டர் என்னமோ சத்தம் போடுறார் பாருங்க. கூட்டத்துல ஒண்ணும் காதுல விழலை.

"கோர்ட்டு!"

அந்த வேப்பமரம் ரெண்டும் தெரியுதா? பச்சை கேட்டுக்குப் பக்கத்துல. அதுலதான் ஆளுக்கொண்ணா நிப்பாங்க. மரம் நல்லாத் துளிர்த்திருக்கு.

"கோர்ட்டு இறங்குறது!"

என்ன தர்ஷி? எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு, விழுந்துருவ.

"கோர்ட்டு இறங்குறது யாராவது இருக்கீங்களா?"

"இருக்காரு ஐ..."

ஒண்ணுமில்லை அக்கா, பிள்ளை வாயெல்லாம் முறுக்குத் தூளு. துடைச்சுவிட்டேன். நாலு பேர் பாக்கிற இடத்துல வாயைச் சுத்தி அப்பிக்கிட்டு நின்னா நம்மளைத்தானே சொல்வாங்க? அதுக்குள்ள விசிலைக் கொடுத்துட்டார் பாருங்க. கொஞ்சம் பொறுத்தா என்ன குறைஞ்சுபோகும் இவங்களுக்கு? நான் என்ன செய்ய?

அழாத தர்ஷி, கையை எடுத்துட்டேன்ல.

அக்கா, அடுத்த ஸ்டாப்புதானே கதவுக்கடை?